மண்ணைக் காப்பாத்துறாங்களாம், யாருடைய மண்ணை?

எங்கம்மா பேரில் ஒரு சென்ட் பட்டா கிடையாது. ஆனால் மண்ணைப் பத்தி அதுக்குத் தெரிஞ்ச அளவு எந்த ஆபீசருக்கும் தெரியாது. எந்தக் கொல்லையில் மழைத்தண்ணி எந்தப் பக்கம் இழுக்கும், வரப்பு எந்த இடத்தில் பிச்சிக்கும், எந்த மண்ணுக்கு எரு போடணும், எதுக்கு ஏரி வண்டல் அடிக்கணும், எல்லாம் கையில் அள்ளிப் பார்த்துச் சொல்லும்.

வடக்கனந்தலுக்குப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் கொல்லையைப் பதினொரு வருசம் வாரத்துக்குப் பயிர் செஞ்சோம். மலையடிவாரத்துச் சரிவு நிலம். நாங்க எடுக்கும்போது கல்லும் முள்ளுமாகக் கிடந்தது. கல்லைப் பொறுக்கிச் சரிவுக்குக் குறுக்கே அடுக்கி, மேலே மண்ணை வெட்டிப் போட்டு வரப்பு கட்டினது அம்மாவும் அப்பாவும்தான். மூணு மழை கழிச்சுதான் மேல்மண் நின்னுச்சு. அதுக்கப்புறம்தான் மரவள்ளி வச்சால் கிழங்கு இறங்கிச்சு. இதைத்தான் அரசாங்கம் "மண் மற்றும் நீர்வளப் பாதுகாப்பு" என்று சொல்லுகிறது. எங்க வீட்டில் அதுக்குப் பேரே கிடையாது, பொழப்பு என்பதைத் தவிர.

பன்னிரண்டாவது வருசம் நிலத்துக்காரர் வந்தார். "சொட்டுநீருக்கு மானியம் வந்திருக்கு, கரும்பு போடப் போறேன், இந்தப் பட்டத்தோட விட்டுடுங்க" என்றார். விட்டுட்டோம். வேற என்ன செய்ய முடியும்? வாரம் என்பது வாய்ச்சொல். தமிழ்நாட்டில் 1955லேயே சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. 1969ல் குத்தகை உரிமையைப் பதிவு செய்யத் தனிச் சட்டமும் வந்தது. சேரியிலிருந்து ஒருத்தன் போய், "ஊர்க்காரர் நிலத்தை நான் குத்தகைக்குப் பயிரிடுறேன், எழுதிக்குங்க" என்று சொன்னால், எழுதறவங்க எழுதறதுக்கு முன்னாடியே நிலம் கையை விட்டுப் போயிடும். அந்தப் பதினொரு வருச வரப்புக்கு விலை போட எந்த அதிகாரியும் வரவில்லை. சொட்டுநீர்க் குழாய்க்கு மட்டும் அளவெடுக்க வந்தார்கள்.

இது எங்க குடும்பத்துக்கதை மட்டும் இல்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

வடக்கனந்தல் எங்கே இருக்குதுன்னு தெரியாத தோழர்களுக்காக. கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கல்வராயன் மலைக்குக் கீழே இருக்கிற பேரூராட்சி. கச்சிராயபாளையம் இதுக்குள்ளேதான் வருது. பழைய தென்னாற்காடு, 1993லிருந்து விழுப்புரம், 2019லிருந்து கள்ளக்குறிச்சி மாவட்டம். மலையில் பெய்கிற மழை பொட்டியம், கல்படை வழியாக இறங்கி கோமுகி அணைக்கு வந்து சேரும். 1960களில் கட்டின அணை. 46 அடி உயரம் தண்ணி பிடிக்கும். பத்தாயிரம் ஏக்கருக்கு மேலே பாசனம். கீழே நெல்லு, கரும்பு. கரும்புக்குக் கூட்டுறவு சர்க்கரை ஆலை. அணைத்தண்ணியில் விளைகிற கரும்பை வெட்டுகிற கை பெரும்பாலும் நம்ம கை. அந்தத் தண்ணி பாய்கிற நிலத்தில் நம்ம பேரில் எத்தனை ஏக்கர் என்று கேட்டால் விரல் விட்டு எண்ணிடலாம்.

2011 கணக்கெடுப்பில் அன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் நூற்றுக்கு 29 பேர் தலித்துகள். தமிழ்நாடு முழுக்க ஐந்தில் ஒருவர். 2015-16 வேளாண் கணக்கெடுப்பை எடுத்துப் பாருங்கள். நாடு முழுக்க சாகுபடி நிலத்தில் தலித்துகள் கையில் இருப்பது நூற்றுக்கு ஒன்பது பங்குகூட இல்லை. மண்ணைக் காப்பாற்றும் திட்டம் எதுவானாலும் இந்தக் கணக்கின் மேல்தான் வந்து இறங்குகிறது. சமமாக ஊற்றினாலும் மேடு பள்ளம் பார்த்துதானே தண்ணி ஓடும்?

திட்டங்கள் எப்படி வேலை செய்யுதுன்னு பார்ப்போம்.

சொட்டுநீர்ப் பாசனம். சிறு, குறு விவசாயிக்கு நூறு சதம் மானியம். மற்றவர்களுக்கு 75 சதம். கேட்க நல்லாத்தான் இருக்குது. என்ன கொண்டு வரணும்? சிட்டா, அடங்கல், நில வரைபடம், சிறு குறு விவசாயி சான்று. பண்ணைக்குட்டை வெட்டணுமா? சிட்டா. கொல்லையில் வரப்பு போடணுமா? சிட்டா. வருசம் 6,000 ரூபாய் தருகிற பிரதமர் கிசான் நிதிக்கும் நிலம் பேரில் இருக்கணும். அரசாங்கத்து அகராதியில் உழுகிறவன் விவசாயி இல்லை. சிட்டா வைத்திருப்பவன்தான் விவசாயி. நாற்று நடுகிற, களை எடுக்கிற, மண் சுமக்கிற பொம்பளைக்கு அந்த அகராதியில் பேர் "கூலி".

வண்டல் மண்ணைப் பாருங்கள். ஏரியில் தூர் வாருகிற வண்டலை விவசாயிகள் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று 2017ல் விதி தளர்த்தினார்கள். நஞ்சை ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர். 2024ல் தாசில்தார் அளவிலேயே அனுமதி வாங்கலாம் என்று இன்னும் சுலபமாக்கினார்கள். ஏரி யாருக்குச் சொந்தம்? ஊருக்கே பொது. அதில் படிந்த வண்டல் மலையிலிருந்தும் மேய்ச்சல் தரையிலிருந்தும் புறம்போக்கிலிருந்தும் நூறு வருசமாக வழிந்து வந்தது. அதுவும் பொது. ஆனால் பங்கு ஏக்கர் கணக்கில். பத்து ஏக்கர் நஞ்சைக்காரருக்கு 750 கன மீட்டர். நிலமில்லாத காலனிக்குப் பூச்சியம். பொதுச்சொத்தைச் சட்டப்படி தனிச்சொத்தாக்குவது எப்படி என்று இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லித் தர முடியாது.

தடுப்பணை கட்டுகிறார்கள், கசிவுநீர்க் குட்டை வெட்டுகிறார்கள். நல்லதுதான். நிலத்தடி நீர் ஏறுது. ஏறின தண்ணி யார் கிணற்றில் ஊறும்? கிணறு இருக்கிறவன் கிணற்றில்தான். 1990லிருந்து விவசாயப் பம்புசெட்டுக்கு மின்சாரமும் இலவசம். அதாவது தண்ணியைப் பூமிக்குள் இறக்குவது நம்ம மண்வெட்டி, மேலே ஏற்றுவது அவங்க மோட்டார். காலனிக் கைப்பம்பில் காத்து வருது.

இதுக்கு ஒரு பதில் தயாராக வைத்திருப்பார்கள். "நிலம் நல்லா விளைஞ்சா உங்களுக்கும்தானே கூலி கிடைக்கும்?" நியாயமாகப் பேசுவோம். கிடைக்கும்தான். வறட்சி வருசத்தில் முதலில் வயிறு காய்கிறது நாமதான், ஆகையால் மண்ணும் நீரும் காக்கப்பட வேண்டும் என்பதில் நமக்கு ரெண்டு பேச்சு கிடையாது. ஆனால் எப்பவும் அவங்க சாப்பிட்டு மிச்சத்தில்தான் நமக்குப் பங்கா? அந்த மிச்சமும் குறையுது. வரப்பு போட ஜேசிபி, உழ டிராக்டர், பாய்ச்ச சொட்டுநீர்க் குழாய். ஒவ்வொரு மானியமும் நம்ம கையிலிருந்த ஒரு வேலையைப் பிடுங்கிட்டுதான் நிலத்தில் இறங்குது.

நூறுநாள் வேலையைச் சொல்வீர்கள். 2005 சட்டத்தில் ஒரு நல்ல விசயம் இருந்தது. தனியார் நிலத்தில் வேலை செய்வதென்றால் முதலில் தலித், பழங்குடி, நிலச்சீர்திருத்தப் பயனாளி நிலத்தில் என்று அட்டவணையிலேயே எழுதி வைத்திருந்தார்கள். பின்னால் சிறு குறு விவசாயிகள் எல்லாருக்கும் விரித்தார்கள். 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டு நாடாளுமன்றத்தில் வேறு சட்டம் நிறைவேற்றினார்கள். 125 நாள் என்கிறார்கள். செலவில் நூற்றுக்கு 40 மாநிலத்தின் தலையில். அதோடு விதைப்பு, அறுப்புக் காலத்தில் 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கலாம் என்று ஒரு விதி. எதுக்கு? நிலத்துக்காரருக்குக் கூலியாள் தட்டுப்பாடு வரக் கூடாது இல்லையா? அப்புறம் வடக்கனந்தல்காரன் இதில் சந்தோசப்படவோ அழவோ ஒன்றும் இல்லை. எங்க ஊர் பேரூராட்சி. நூறுநாள் வேலை கிராம ஊராட்சிக்குத்தான். காலனியில் பாதிப்பேர் வயலில் வேலை செய்து சாப்பிட்டாலும், காகிதத்தில் நாங்க நகரத்துக்காரங்க. நிலத்துக்காரருக்குச் சொட்டுநீர் மானியம் தர அந்தக் காகிதம் குறுக்கே நிற்பதில்லை. எங்களுக்கு மண்வெட்டி வேலை தர மட்டும் நிற்குது.

இந்த ஏற்பாடு இன்றைக்கு வந்ததில்லை. ஏரியைக் காத்தது யார் என்று பழைய ஆட்களைக் கேளுங்கள். நீர்கட்டி என்று ஒருத்தர் இருப்பார். மதகைத் திறந்து மூடுவது, வாய்க்காலைச் சுத்தம் பண்ணுவது, ராத்திரியில் மழையில் கரை மேல் நடந்து உடைப்பு பார்ப்பது அவர் வேலை. வடமாவட்டத்தில் பெரும்பாலும் பறையர்தான் நீர்கட்டி. எல்லார் வயலுக்கும் தண்ணி அளந்து விட்ட கை. அவருக்கு அந்த ஏரியில் உரிமை? அறுப்பு முடிஞ்சு களத்தில் அள்ளிப் போடுகிற சில மரக்கால் நெல்லு. ஊர்க் கிணற்றில் குடிக்கத் தண்ணிகூட எடுக்க முடியாது.

வெள்ளைக்காரன் இதைச் சட்டமாகவே போட்டான். 1858ல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம். ஏரிக்கரை, ஆற்றங்கரை உடையும் ஆபத்து வந்தால் "உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த" திடகாத்திரமான ஆண்கள் எல்லாரும் வந்து வேலை செய்தாக வேண்டும். நிலம் வைத்திருப்பவன் எல்லாரும் வரணும் என்று சொல்லவில்லை, கவனியுங்கள். கரை உடைந்தால் முழுகப் போவது யார் பயிர்? மண் சுமக்கப் போவது யார் தலை? இதைத்தான் குடிமராமத்துச் சட்டம் என்று கூப்பிட்டார்கள். குடிமராமத்து என்றால் ஊர் கூடித் தேர் இழுத்த மாதிரி ஒரு பொற்காலம் என்று இன்றைக்குப் பெருமை பேசுகிறவர்கள், இழுத்தது யார், தேரில் உட்கார்ந்தது யார் என்று சொல்வதில்லை.

2017 மார்ச்சில் அதே பேரில் திட்டம் திரும்ப வந்தது. நூற்றுக்குப் பத்துப் பங்கு ஆயக்கட்டுதாரர் போடணும், பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ. மீதி அரசு. வேலையை ஆயக்கட்டுதாரர் சங்கமே எடுத்துச் செய்யலாம். ஆயக்கட்டுதாரர் யார்? 2000த்தில் வந்த பாசன அமைப்புகள் விவசாயிகள் மேலாண்மைச் சட்டப்படி ஆயக்கட்டில் நிலம் உள்ளவர். அவருக்குத்தான் ஓட்டு. ஏரியில் மாடு குளிப்பாட்டுகிறவன், புல் அறுக்கிறவள், மீன் பிடிக்கிறவன், கரையோரமே குடியிருக்கிற சேரி, யாருக்கும் அந்தச் சங்கத்தில் குரல் கிடையாது. ஊராட்சியிலாவது தனித்தொகுதி இருக்கிறது. ஏரிக்கு எந்தத் தனித்தொகுதியும் இல்லை.

நமக்கு நிலமே இல்லாமல் இருந்ததா? 1891ல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் பறையர் நிலைமையைப் பற்றி அறிக்கை எழுதினார். 1892ல் அரசு ஆணை வந்தது. பஞ்சமி நிலம் கொடுத்தார்கள். பத்து வருசத்துக்கு விற்கக் கூடாது, அப்புறமும் பஞ்சமரைத் தவிர யாருக்கும் விற்கக் கூடாது என்று நிபந்தனை. பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்று நம்ம இயக்கங்கள் சொல்லி வருகின்றன. அதில் பெரும்பகுதி இன்றைக்கு யார் கையில்? கடனுக்கும் கள்ளுக்கும் கைநாட்டுக்கும் போனது பாதி. 1979லிருந்து 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுப் பதிவில், அனுபவத்தில் இருக்கிறவன் பேருக்கு எழுதுறோம் என்று மாற்றியது மீதி. அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்டதற்குத்தான் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு நடந்து, காரணைப் போராளிகள் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிர் விட்டார்கள். இன்றைக்கு ஒரு பஞ்சமி நிலத்தில் தடுப்பு வரப்பும் பண்ணைக்குட்டையும் அரசு பணத்தில் போட்டால், அது யார் பிடித்து வைத்திருக்கிறாரோ அவருடைய பிடியை இன்னும் இறுக்குகிற வேலை. மண் பாதுகாப்பு என்ற பேரில் ஆக்கிரமிப்புக்குப் பாதுகாப்பு.

மலை மேலே போங்கள். கல்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடிகள். 1976 வரைக்கும் அங்கே ஜாகீர்தார் ஆட்சி. சுதந்திரம் வந்து 29 வருசம் கழித்தும் கூலியில்லாமல் உழைப்பும் வரியும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். 2006ல் வன உரிமைச் சட்டம் வந்தும் தமிழ்நாட்டில் பல வருசம் நீதிமன்ற ஆணையால் முடங்கிக் கிடந்தது. கீழே கோமுகியில் தண்ணி நிற்கணும் என்றால் மேலே சரிவில் மண் நிற்கணும். அந்தச் சரிவில் சாமையும் வரகும் விதைக்கிறவனுக்கு நிலத்தில் உறுதி இல்லை. நாளைக்கு வனத்துறை துரத்தலாம் என்று இருக்கிறவன் எதை நம்பிக் கல்வரப்பு அடுக்குவான்? அப்புறம், "மலைக்காரன்தான் மண்ணைக் கெடுக்கிறான், அணை தூர்ந்து போகுது" என்று அவன் மேலேயே பழி. 2024ல் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து கல்வராயன் மலை மக்கள் வாழ்க்கையைப் பற்றி வழக்கு எடுக்க வேண்டியிருந்தது என்றால் மற்றவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த ஏமாற்று நம்ம நாட்டுக்கு மட்டும் சொந்தமில்லை. அமெரிக்காவில் 1933ல் பருத்திப் பரப்பைக் குறைக்க நிலத்துக்காரர்களுக்கு அரசு பணம் கொடுத்தது. அவர்கள் பணத்தை வாங்கி வைத்துக்கொண்டு வாரத்துக்குப் பயிரிட்டவர்களை வெளியே தள்ளினார்கள். அதில் பெரும் பங்கு கறுப்பர்கள். 1934ல் ஆர்க்கன்சா மாநிலத்தில் கறுப்பரும் ஏழை வெள்ளையரும் ஒன்றாகச் சேர்ந்து குத்தகை விவசாயிகள் சங்கம் கட்ட வேண்டி வந்தது. 1936ல் மண் பாதுகாப்பு என்ற பேரிலேயே நிலத்துக்குப் பணம் கொடுக்கும் சட்டம் வந்தது. விவசாயத் துறை நிறம் பார்த்துக் கடன் கொடுத்ததென்று கறுப்பு விவசாயிகள் போட்ட வழக்கில் 1999ல்தான் சமரசம் ஏற்பட்டு நூறு கோடி டாலருக்கு மேல் இழப்பீடு கொடுத்தார்கள். எங்க கொல்லையில் நடந்ததும் ஆர்க்கன்சாவில் நடந்ததும் ஒன்றுதான். மானியம் நிலத்தைப் பார்த்து வரும்போது, உழைத்தவன் அந்த நிலத்துக்கு இடைஞ்சலாகப் போயிடுறான்.

நம்மவர்கள் இதை முன்னாடியே யோசித்திருக்கிறார்கள். ஜோதிராவ் பூலே 1883ல் எழுதிய "உழவனின் சாட்டை"யில், மலையிலிருந்து மழையோடு வருகிற இலைச்சத்தும் மண்ணும் ஆற்றில் போய் வீணாகாமல் வயலிலேயே நிற்கும்படி வரப்பும் தடுப்பும் கட்டணும், சும்மா இருக்கிற சிப்பாய்களை அந்த வேலைக்கு விடணும் என்று கேட்டார். நீர்வடிப்பகுதி மேம்பாடு என்று இப்போது கருத்தரங்கில் பேசுவதை அவர் அன்றைக்கே சொல்லிவிட்டார், மண்ணை வெட்ட சூத்திரனையும் அதிசூத்திரனையும் கூப்பிடாமல். அண்ணல் அம்பேத்கர் 1927ல் மகாடு குளத்தில் இறங்கியது தாகத்துக்கு மட்டும் இல்லை, தண்ணியில் எனக்கும் உரிமை இருக்குது என்று காட்டத்தான். 1942லிருந்து 46 வரை வைசிராய் அவையில் இருந்தபோது தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்துக்கு அடித்தளம் போட்டவர்களில் அவரும் ஒருவர். 1947ல் "மாநிலங்களும் சிறுபான்மையினரும்" நூலில், விவசாய நிலம் முழுவதும் அரசுடைமையாகி, சாதி பார்க்காமல் ஊர் மக்களுக்குக் குத்தகையாகக் கொடுத்துக் கூட்டாகப் பயிரிடணும் என்று எழுதி வைத்தார். நிலமும் தண்ணியும் ஒன்றுசேர்ந்த பிரச்சினை என்று அவருக்குத் தெரியும். நாம்தான் நிலத்துக்கு ஒரு போராட்டம், குடிதண்ணிக்கு ஒரு போராட்டம் என்று பிரித்துக்கொண்டோம். ஏரியிலும் வண்டலிலும் நிலத்தடி நீரிலும் நம்ம பங்கு என்ன என்று கேட்க மறந்துட்டோம்.

கேட்க முடியுமா? முடியும். அரியானாவில் சண்டிகருக்குப் பக்கத்தில் சுகோமாஜ்ரி என்று ஒரு ஊர். அங்கே சரிவு மண் அரித்து ஏரியைத் தூர்த்தது. 1970களில் சின்ன அணைகள் கட்டி, மேய்ச்சலைக் கட்டுப்படுத்தி, மண்ணை நிறுத்தினார்கள். அணைத்தண்ணியை ஏக்கர் பார்த்துப் பிரிக்காமல் குடும்பத்துக்குச் சம பங்கு என்று வைத்தார்கள். நிலம் இல்லாத வீட்டுக்கும் பங்கு. வேண்டுமானால் அந்தப் பங்கை நிலமுள்ளவனுக்குக் கொடுத்துப் பதிலுக்கு வாங்கிக்கொள்ளலாம். அதனால்தான் நிலமில்லாதவனும் மலையில் ஆடு விடாமல் காவல் காத்தான்.

நம்ம அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லவில்லை. 2008 பொது நெறிமுறையில் நீர்வடிப்பகுதிப் பணத்தில் சொத்தில்லாதவர் பிழைப்புக்கென்று நூற்றுக்குப் பத்து ஒதுக்கினார்கள். நிலத்தில் செய்யும் வேலைக்கு 50. கூட உற்பத்திக்கு 13. அந்தப் பத்தில் ஆடும் தையல் மிசினும் வந்தது. விவசாயக் கருவிக்குத் தலித் சிறு குறு விவசாயிக்கு 20 சதம் கூடுதல் மானியம் இருக்கிறது. அதுக்கும் நிலம் வேணும். 2023லிருந்து தாட்கோ வழியாக நன்னிலம் திட்டம், நிலமில்லாத தலித் பெண்களுக்கு நிலம் வாங்கப் பாதி விலை அல்லது ஐந்து லட்சம் வரை மானியம். வரவேற்கிறோம். ஆனால் நிலத்தை வேற சாதிக்காரரிடம்தான் வாங்கணும். எங்க ஊரில் சேரிக்காரிக்கு நஞ்சை எழுதிக் கொடுக்க முன்வருகிற ஆண்டையை நான் இன்னும் பார்க்கவில்லை. கரம்பையும் கல்லாங்குத்தையும்தான் தள்ளிவிடுவார்கள். அதைத் திருத்தி நிலமாக்க மறுபடியும் எங்கம்மா மாதிரி ஒருத்தி பதினொரு வருசம் கல்லு பொறுக்கணும்.

ஆகவே நம்ம கோரிக்கையைத் தெளிவாக வைப்போம்.

1. வண்டலும் அணைத்தண்ணியும் ஏக்கர் கணக்கில் இல்லாமல் குடும்பக் கணக்கில் பிரிக்கப்பட வேண்டும். நிலமில்லாத குடும்பத்துக்கும் அதில் சம பங்கு. வேண்டாதவர் விற்றுக்கொள்ளட்டும்.

2. பாசனச் சங்கத்தில் நிலமில்லாத தலித்துகளுக்கும் ஓட்டு வேண்டும். நீர்கட்டி வேலை செய்த குடும்பங்களுக்கு முதல் இடம்.

3. மானியம் வாங்குகிற நிலத்தில் வாரதாரர், குத்தகைதாரர் யார் என்று விசாரித்துப் பதிவு செய்த பிறகே பணம் தர வேண்டும். மானியம் வாங்கியவர் குறிப்பிட்ட காலத்துக்கு அவரை வெளியேற்றக் கூடாது.

4. பஞ்சமி நிலம் என்று பதிவேட்டில் உள்ள இடத்தில் எந்த மானியத்துக்கும் முன்னால் அதை உரியவரிடம் திருப்பித் தர வேண்டும். திருப்பித் தந்த நிலத்தில் வரப்பு, குட்டை, கிணறு எல்லாம் அரசு முழுச் செலவில்.

5. மலையில் உழுகிற பழங்குடிக்கு முதலில் உரிமைப் பட்டா, அப்புறம் மண் பாதுகாப்பு.

6. பேரூராட்சி என்ற காரணத்தால் விவசாயக் கூலிகளுக்கு மறுக்கப்படும் வேலை உரிமை தரப்பட வேண்டும்.

கோரிக்கை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாது. நம்ம காலனியில் ஒரு நோட்டு வாங்குவோம். யார், எந்தக் கொல்லையை, எத்தனை வருசமாக வாரத்துக்குச் செய்கிறார், வரப்பு யார் கட்டினது, கல் யார் பொறுக்கினது என்று ஒவ்வொரு வீட்டுக்கும் போய் எழுதுவோம். முதலில் பொம்பளைங்களைக் கேட்கணும், அவங்களுக்குத்தான் வருசம், மழை, விளைச்சல் எல்லாம் ஞாபகம் இருக்கும். 1969 சட்டம் புத்தகத்தில் இன்னும் இருக்குது. ஒருத்தர் தனியாகப் போய்ப் பதியச் சொன்னால் நிலம் போயிடும். நூறு பேர் ஒரே நாளில் போனால்?

எங்கம்மாவின் பதினொரு வருசத்தை முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.